முக்காடு நழுவிய ஞாயிறு

அன்பானவர்களே, வெட்கத்தை விட்டு என் கழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வருடமாகப் பிடரியில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை. அழுக்கு என்றே நினைத்தேன். எலுமிச்சம்பழம், கடலைமாவு, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் போட்டுத் தேய்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். "இன்னாமே, தோலையே உரிச்சிடுவியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

கூடவே தீராத அசதி. செய்யூரில் கம்பெனி பஸ் ஏறினால் இறங்கும்வரை தூக்கம். சாப்பிட்ட கை காயும்முன் மறுபடி பசி. எனக்கு ஒரே பயம். சர்க்கரை வியாதியில் என் அம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கும் அதே கதிதான் என்று நடுங்கி, டெஸ்டுக்கே போகவில்லை. "ஆண்டவரே, நீரே தொட்டுச் சுகமாக்கும்" என்று அழுதேன்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறு. ஆராதனை நடுவில் கரண்ட் போய்விட்டது. வேர்த்துக் கொட்ட, முழங்காலிட்டுக் குனிந்தபோது கழுத்தை மறைத்திருந்த முக்காடு நழுவியது. பின்னால் இருந்தவர், கடப்பாக்கத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா. வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, கழுத்து இப்படிக் கறுத்துகினு கீது? தேய்க்காத, இது அழுக்கு இல்ல. இன்சுலின் ரெசிஸ்டன்ஸா இருக்கும்."

"அப்டின்னா இன்னாக்கா?"

"புள்ள செல்லு பாத்துகினு இருந்தா நீ கூப்புட்றது காதுல வுழுமா? இன்னும் கத்துவ இல்ல? அதே மாதிரி, இன்சுலின் சொல்றத ஒடம்பு கேக்கல. அதனால மேல மேல சுரக்குது. ஒருநாள் அதுவும் ஓஞ்சிடும். அப்பதான் சர்க்கரை வரும். இப்பவே பாத்தா தடுக்கலாம்."

"எங்கம்மா மாதிரி காலு..."

"அவ்ளோ தூரம் ஏன் போற? மொதல்ல டெஸ்ட் எடு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாளே வீட்டுக்காரர் மதுராந்தகத்துக்கு வண்டியில் கூட்டிப்போனார். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, இன்னும் வியாதி ஆகவில்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். சர்க்கரை போட்ட டீயும் பன்னும் கூடாது. சோற்றைப் பாதியாக்கி, மீனும் காயும் கூட்டச் சொன்னார். சாப்பிட்டதும் நடக்கச் சொன்னார். சவுக்குத்தோப்பு ரோட்டில் தினமும் நடந்தேன். முதலில் சிரித்த வீட்டுக்காரரும் பிறகு கூட வந்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். சர்க்கரை சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. ஸ்தோத்திரம்! நடையையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விட்டால் திரும்ப ஏறும் என்றார் டாக்டர். நான் விடவில்லை. கழுத்தும் மெல்ல வெளுத்துவருகிறது.

பயந்துபோய் வியாதியை மூடி வைத்திருப்பவர்களே, ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் முடித்து எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் அறைக்குள்ளும் கர்த்தர் இருக்கிறார். தனியாகப் போகப் பயமா? என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.