மூன்றாவது விரல் எது

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடராக வேலை பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு சர்ஜன் ஆபரேஷனை முடித்துவிட்டு, என்ன செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுதுவார். அதைப் படித்து, விதிப் புத்தகத்தில் தேடி, அந்த ஆபரேஷனுக்கு உரிய எண்ணைப் போடுவது எங்கள் வேலை. விலங்கியல் படித்துவிட்டுச் சும்மா திரிந்த எங்களைப் போன்றவர்களை ஏசி அறையில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள்.

இரண்டு கூட்டத்தாரையும் எனக்குப் பிடிக்காது. விதிப் புத்தகக்காரர்கள் மனித உடம்பைப் பலசரக்குக் கடை அலமாரி மாதிரி அறை அறையாகப் பிரித்துவைத்திருந்தார்கள். சர்ஜன்களோ கத்தி வைத்த இடத்தை வழிப்போக்கனுக்கு வழி சொல்வதுபோல எழுதினார்கள்: கொஞ்சம் மேலே, அந்தப் பக்கம், வழக்கமான இடத்தில். வழக்கமான இடம் எது என்று கேட்டு அனுப்பினால் கோபித்துக்கொள்வார்கள்.

விரல்களில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகும். புத்தகம் கட்டைவிரலை ஒன்று என்று வைத்து எண்ணும். அதன்படி நடுவிரல் மூன்று, மோதிரவிரல் நான்கு. பாதி சர்ஜன்கள் கட்டைவிரலைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். அவர்களுக்கு மோதிரவிரல்தான் மூன்று. ஐந்து விரலுக்கும் பெயர் இருக்கும்போது எதற்காக எண்ண வேண்டும் என்று அந்த மேதைகளில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள சங்கதி என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் அத்தானுக்குக் கையில் வெட்டுப்பட்டது.

அக்காவின் கணவர் மார்த்தாண்டத்துக்காரர். டைல்ஸ் பதிக்கும் வேலை. விழிஞ்ஞத்தில் ஒரு ஹோட்டல் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கிரானைட் அறுக்கும் மெஷின் துள்ளி, வலது கை மோதிரவிரலின் உள்பக்கத்தை ஆழமாகக் கீறிவிட்டது. விரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது என்று நாங்கள் சொன்னோம். நரம்பு இல்லை, தசைநாண் என்று ஆஸ்பத்திரியில் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் அவர்கள் காட்டிய அக்கறையை நான் மறக்கவில்லை.

நகரத்திலேயே பெரிய தனியார் ஆஸ்பத்திரி அது. அங்கே கை ஆபரேஷனுக்குப் பேர்போன ஒரு சர்ஜன் தைத்துவிட்டார். தையல் அழகாகத்தான் இருந்தது. கையெழுத்தும் அழகு. ‘வலது கை மூன்றாவது விரல், மடக்கு தசைநாண் சேர்க்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அதே ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறிக்கையில் ‘நான்காவது விரல், எலும்புக்குச் சேதமில்லை’ என்று இருந்தது. ஒரே கட்டிடத்தில் இரண்டு மாடி வித்தியாசத்தில் அத்தானுக்கு ஒரு விரல் கூடிவிட்டது.

தொழிலாளிகளுக்கு ஒப்பந்தக்காரர் எடுத்திருந்த இன்சூரன்ஸின் ஆபீஸ் பழவங்காடிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு அத்தானை அழைத்துப் போனேன். எங்கள் காகிதங்களை வாங்கிய ஆபீசர் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துத் தமிழர், மிக மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடிபட்டது நாலாவது விரல். ஆபரேஷன் மூணாவது விரல்ல. இது எப்படிப் பொருந்தும், சொல்லுங்கோ?”

“ரெண்டும் ஒரே விரல்தான் சார். எண்ணினதுல வித்தியாசம்,” என்றேன். அத்தானிடம், “கையைக் காட்டுங்க அத்தான்,” என்றேன்.

அத்தான் கையை மேஜைமேல் வைத்தார். மோதிரவிரல் முழுக்கத் தையல் தழும்பு, நுனி இன்னும் வீங்கியிருந்தது. பக்கத்திலிருந்த நடுவிரலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“தெரியறது,” என்றார். “ஆனா நான் கையைப் பார்த்து எழுத முடியாது பாருங்கோ. பேப்பர்ல மூணுன்னு இருக்கு. மூணுன்னா எங்க கோடிங்ல நடுவிரல். டாக்டர்கிட்ட திருத்தி வாங்கிண்டு வந்துடுங்கோ.”

சர்ஜனின் அறைக்கு வெளியே அன்று முழுக்கக் காத்திருந்தோம். கூப்பிட்டபோது அவர் போனில் பேசிக்கொண்டே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மலையாளமும் தமிழுமாகப் பேசினார்.

“இதில் எந்தா தப்பு? மூணாவது விரல். கரெக்டல்லே?”

“கோடிங்ல கட்டைவிரலும் சேர்த்து எண்ணுவாங்க டாக்டர். அவங்க நடுவிரல்னு எடுத்துக்கிட்டாங்க.”

“எடோ, தம்ப் ஒரு விரலே அல்ல. அனாட்டமி படிச்ச ஆர்க்கும் அது தெரியும்.”

“சரி டாக்டர். பக்கத்தில மோதிரவிரல்னு மட்டும் எழுதித் தந்தால் போதும்.”

அவர் போனைக் கீழே வைத்தார். “ஆபரேஷன் செய்தது ஞான். கிளார்க்குமார்க்கு வேண்டி ஞான் என்டெ நோட் திருத்தணுமோ?”

அத்தானின் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விரலையும் பார்க்கவில்லை. தன்னுடைய கையொப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப்போல் அழகான ஒன்றை அவர் வேறெங்கும் கண்டதில்லை என்று தோன்றியது. வெளியே வந்ததும் அத்தான் என்னை ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சாயா வாங்கிக்கொடுத்தார்.

இன்சூரன்ஸ்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் டாக்டர் ஒருவரை விட்டுப் பரிசோதிக்கலாம் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்த டாக்டர் தம்பானூர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்தார், ஓய்வுபெற்ற மனிதர். ‘மூன்றாவது விரலின் தற்போதைய நிலை’ என்று இன்சூரன்ஸ்காரர்கள் அவருக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர் அத்தானின் நடுவிரலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், ஊசிமுனையால் குத்தி வலிக்கிறதா என்று கேட்டார்.

“டாக்டர், அடிபட்டது இந்த விரல்,” என்று அத்தான் மோதிரவிரலைத் தூக்கிக் காட்டினார். அது மடங்காமல் விறைத்து நின்றது.

“அதையும் காட்டலாம்,” என்றார் அவர் அன்பாக. “ஆனா என்னிடம் கேட்டது மூணாவது விரல் மாத்திரம்.”

அறிக்கை சீக்கிரமே வந்தது. மூன்றாவது விரல் முழுமையாகக் குணமடைந்துள்ளது, அசைவு இயல்பாக உள்ளது, ஊனம் எதுவுமில்லை. ஆபரேஷன் செய்த விரல் குணமாகிவிட்டது என்று அந்த வரிகளைச் சாட்சியாக வைத்து ஆஸ்பத்திரிச் செலவை ஒப்புக்கொண்டார்கள். விரல் விறைத்துப்போனதற்கான நஷ்டஈட்டை மறுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகாத விரல் குணமாகிவிட்டது என்பதற்கு மூன்று பேர் சாட்சி: பேர்போன ஒரு சர்ஜன், மரியாதையான ஒரு ஆபீசர், அன்பான ஒரு கிழ டாக்டர். யாரும் பொய் சொல்லவில்லை.

நான் மேல்முறையீடு எழுதினேன். விரல்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, கையை வரைந்து, அம்புக்குறி போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கி அனுப்பினேன். நான்காவது விரலுக்கு எந்தச் சிகிச்சையும் அளிக்கப்பட்டதாகப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று அக்காவின் வீட்டில் உட்கார்ந்து கத்தினேன்.

அத்தான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “விடு மாப்ளே,” என்றார். “அவனுவளுக்கு முன்னால போயி இன்னும் எத்தன தடவ கைய நீட்டிட்டு நிப்பேன்? பிச்ச கேக்குத மாதிரி இருக்கு.”

“உங்களுக்குக் கோபமே வரலியா அத்தான்?”

“வராம என்ன? அந்தப் பெரிய டாக்டரு வீட்ல டைல்ஸ் போட என்னக் கூப்பிட்டா, குளிமுறித் தரையோட வாட்டத்த ரூம் பக்கமா மாத்திப் போட்டிருவேன். வெள்ளம் பூரா அவன் கட்டிலுக்கடியில போயி நிக்கும்.”

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அத்தான் ஒரு பழைய சைக்கிள் ட்யூபை நீளநீளமாக வெட்டி, தன் கொத்துக்கரண்டியின் பிடியில் இறுக்கிச் சுற்றத் தொடங்கினார். பிடி தடித்தால் கட்டைவிரல் போக மூன்று விரலால் பிடித்தாலும் வழுக்காது என்றார். சுற்றி முடித்ததும் காற்றில் சிமெண்ட் பூசுவதுபோல வீசிப் பார்த்தார், திருப்தியில்லை, மறுபடி அவிழ்த்தார்.