பதினேழாவது கைநாட்டு

மணப்பட்டில் முதன்முதலாகப் பஸ்ஸை மறித்தது விருத்தாம்பாள்தான். இதை ஊரில் யாரும் மறுக்கவில்லை; அவள் மறுக்கவிட்டால்தானே. எழுபத்து மூன்றாம் வருஷம். "மீன் கூடை நாறுது, எறங்கு" என்று கண்டக்டர் செல்லப்பன் விரட்டியதும், கூடையைப் பஸ்ஸின் மூக்குக்கு நேரே வைத்துக் குந்திவிட்டாள். கொடியும் இல்லை, யோசனையும் இல்லை, கோபம் மட்டும்தான். பின்னால் நின்ற மீன்காரிகளும் குந்தினார்கள். அன்று கூடைகள் ஏறின. மறுநாள் பஸ் நிற்காமலே பறந்தது.

அப்புறம்தான் மீன்காரிகளுக்குச் சங்கம் வந்தது. மூன்று வீடு தள்ளியிருந்த கஸ்தூரி, எட்டாவது படித்தவள், செயலாளர் ஆனாள். பஸ்ஸில் கூடைகளை ஏற்றக் கேட்டுப் போட்ட மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. விருத்தாம்பாளின் கைநாட்டு பதினேழாவது. அன்றிலிருந்து கஸ்தூரி வீட்டுப் பக்கமிருந்து வீசும் காற்றுகூட இவளுக்கு ஆகவில்லை.

"ஞாயித்துக்கெழம நாலு ஊர்ல ஒரே நேரத்துல மறியல்க்கா. அன்னிக்கு ஒருத்தியும் மீன் விக்கக் கூடாது" என்றாள் கஸ்தூரி.

"நான் குந்துனப்போ யாரைக் கேட்டுக்கினு குந்துனேன்?"

"நீ குந்துனது ஒரு நாளைக்குத்தானக்கா பஸ்ஸ நிறுத்துச்சு."

சுருக்கென்று தைத்தது. ஞாயிறு விடிந்ததும் எல்லோரும் மறியலுக்குப் போக, விருத்தாம்பாள் மட்டும் சங்கரா மீனோடு பாகூருக்கு நடையைக் கட்டினாள். கஸ்தூரியின் சங்கம் என்ன கிழிக்கிறது, பார்க்கலாம்!

பாகூர் கடைத்தெருவில் அன்று மீன்காரி அவள் ஒருத்திதான். புறப்படக் காத்திருந்த பஸ்ஸிலிருந்து பையோடு முதலில் வந்து நின்றவன் செல்லப்பன்.

"இன்னாக்கா, நீ வந்துட்டியா? அப்ப கஸ்தூரி கும்பல் பிசுபிசுத்துப் போச்சு. மொதலாளிகிட்ட சொல்லிடறேன். ரெண்டு கூறு போடு."

மீனை எடுத்த கை அப்படியே நின்றது. கஸ்தூரி தோற்க வேண்டும் என்றுதான் பத்து நாளாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளைத் தோற்கடிக்கும் பாத்தியதை தனக்குத்தான், இந்த ஆளுக்கு ஏது?

"இன்னிக்கு நாறலியா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினாள். நேரே போய் அவன் பஸ்ஸின் முன்னால் குந்தினாள். டிரைவர் ஹாரனை அலறவிட்டுப் பார்த்தான். அவள் மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சேதி கேட்டுக் கஸ்தூரி பத்துப் பேரோடு ஓடிவந்தாள்.

"நாங்க நாலு எடம்தான் நெனச்சோம். அஞ்சாவது நீ புடிச்சிட்டியேக்கா!"

"பேசாம குந்துடி."

கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்தாள். விருத்தாம்பாள் கூடையோடு முன்னால் நகர்ந்துகொண்டாள். சாயங்காலம் முதலாளி வந்து கடைசி சீட்டைக் கூடைகளுக்கு விட்டுக்கொடுக்கும் வரை இருவரும் அப்படியேதான் இருந்தார்கள்: கஸ்தூரி ஒரு முழம் பின்னால்.