நான் நிறுவிய மென்பொருள்

அன்று காலை திரையில் வந்தது இரண்டே சொல்: அனுமதி இல்லை. கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடியும் அடித்தேன். அதே பதில்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஒப்பந்த ஆய்வு உதவியாளர். பத்து காஜா ஊர்ப் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது, குட்டையின் நஞ்சு எந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேரும் என்று கணக்கிடுவது என் வேலை. மேசைக் கணினியில் ஒரு கணக்கு முடிய நாள்கணக்காகும். அதனால்தான் கிளஸ்டர். பல கணினிகளை ஒன்றாக இணைத்து எல்லாத் துறைகளும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது.

எங்களுக்கு வேண்டிய மென்பொருள் முதலில் அதில் இல்லை. நிறுவியது நான். அது கேட்கும் துணை மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பிறகு எல்லாருக்குமான பொது ஃபோல்டரில் வைத்து, எதை எப்படித் திறப்பது என்று மலாயில் ஒரு வழிகாட்டியும் எழுதினேன்.

கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தைப்பிங்காரர், நம்மவர். அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பொது ஃபோல்டருக்குள்ள போக முடியலை."

"புது ரூல்லா. பதிஞ்ச குழுவுக்குத்தான் திறக்கும். உங்க பேராசிரியர் குடுத்த லிஸ்ட்ல உன் பேரு இல்லை."

"அதைப் போட்டதே நான்தானே?"

"தெரியும்லா. ஃபைல் எல்லாம் இன்னும் உன் பேர்லதான் இருக்கு. ஆனா வெளிக்கதவு குழுவுக்குத்தான் திறக்கும். நான் என்ன செய்ய?"

பேராசிரியரின் அறைக்குப் போனேன். பட்டியலில் நிரந்தர ஊழியர்களும் மாணவர்களும் மட்டும்தான், நீ ஒப்பந்தம் என்றார். அவசரம் என்றால் ஒரு மாணவியின் லாகினை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அடுத்தவள் பெயரில் ஒளிந்துகொண்டு என் வேலையை நான் செய்ய வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மத்தியானமே அந்த மாணவியிடமிருந்து வாட்சப் வந்தது. "அக்கா, உங்க கைட்ல மூணாவது வரியில எரர் வருது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

கடுமையாக ஒரு பதில் எழுதி அழித்தேன். அவள் என்ன செய்வாள் பாவம். பிழையைத் திருத்தும் வழியைச் சொல்லிவிட்டு, என்னால் இப்போது உள்ளே வர முடியாது என்றும் எழுதினேன்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா."

உன் சொந்த ஃபோல்டரில் இன்னொரு தடவை போட்டுக்கொள்ளேன் என்றார் தைப்பிங் அண்ணன். போட்டேன். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று முடிவுக்குக் காத்திருந்த வீடுகள் இருந்தன. அதற்காகத்தான் போட்டேன், வேறு யாருக்காகவும் இல்லை. இந்தத் தடவை நிறுவும் வேலை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அதுவே இன்னும் எரிச்சலூட்டியது. என் அனுமதி என்ன ஆயிற்று என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள், அதுதான் ஓடுகிறதே என்பார்கள்.

அம்மா புந்தோங்கிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். கிளஸ்டர் என்றால் அவருக்குத் தெரியாது. விஷயத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாயால கேட்டா மறந்துடுவாங்க. சூராட் எழுதிக் குடு. கையெழுத்து வாங்கிக்க."

கடிதம் எழுதினேன். ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் என் பயனர் பெயர் தெரியும் பட்டியலை அண்ணனிடம் கேட்டு வாங்கி, அச்செடுத்து இணைத்தேன். கிளஸ்டரை நிர்வகிக்கும் குழுவின் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அனுமதி வழங்கப்பட்டது. ஏன் பறித்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் வழிகாட்டியின் தலையில் என் பெயர் இருந்த இடத்தில் 'மென்பொருள் குழு' என்று இருந்தது. நேரே அண்ணன் அறைக்குப் போய் அவர் மேசை முன்னால் நின்றேன். "இதுவுமா?" என்றேன். அவர் அந்த வழிகாட்டியைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெயரைத் திரும்ப எழுதினார்.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர், பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றார். தீரவில்லை என்றேன். வேதியியல் துறையில் இன்னொரு ஒப்பந்த உதவியாளர் இருக்கிறார், மலாய்ப் பெண். அவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாணவர்களின் லாகினில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார். இந்த வாரம் இருவரும் உட்கார்ந்து அவருடைய கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.