நான் திருப்பிய வளையம்

தொலைநோக்கியை வாங்கியவன் நான். காட்டுப்பள்ளி கன்டெய்னர் யார்டில் கூட வேலை பார்த்தவர் ஊரை விட்டுப் போகும்போது விற்றார். பைக்கில் கட்டி திருவொற்றியூர் வரை கொண்டு வந்தேன். மூன்று மாதம் ஆகியும் நிலாவைத் தவிர வேறெதையும் அதில் பிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம்தான் என் மனைவி மொட்டை மாடிக்கு வந்தாள்.

அவள் கல்மண்டபத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் பி.எஸ்சி. இயற்பியல். அந்த நாட்களில் எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சொல்கிறேன்.

தொலைநோக்கியோடு வந்த தமிழ்ப் புத்தகத்தை பஸ்ஸில் போக வரப் படித்தாள். ஒருநாள் கேட்டாள்.

"யோவ், பூமிக்கு நடுக்கோடு கீதுல்ல, அத்த அப்படியே வானத்துல ஏத்திட்டா, அங்கேர்ந்து வடக்க எத்தினி பாகை, தெக்க எத்தினி பாகைன்னு சொல்லிடலாம். அதான் விலக்கம். கிழக்கால எத்தினி தூரம்னு சொல்றதுக்கு மட்டும் இன்னாத்துக்கு பாகைய வுட்டுட்டு மணிக்கணக்கு போட்டுக்கீது?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அது அப்படித்தான்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்து சொன்னாள்: "வானம் ஒரு நாளுக்கு ஒரு சுத்து சுத்துதுல்ல, அதான் மொத்தம் இருபத்திநாலு மணி. ஒரு மணின்னா பதினஞ்சு பாகை." முகமெல்லாம் சிரிப்பு. நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வடக்கு முழுக்க எண்ணூர் வெளிச்சமும் புகையும். துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது. திசைகாட்டியை வைத்து வடக்கைப் பிடித்து, தொலைநோக்கி சுழலும் அச்சைப் பதின்மூன்று பாகை உயரத்துக்கு நிறுத்தினாள். நம் ஊரின் அட்சரேகை அதுதான். தாங்கியில் எண் பொறித்த இரண்டு வளையங்கள் உண்டு, ஒன்று மணிக்கு, ஒன்று விலக்கத்துக்கு; அவற்றை வைத்து அன்றே வியாழனைப் பிடித்தாள். அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியேறத் தொடங்கினார்கள். "எக்கா, இன்னிக்கி இன்னா காட்டப் போறே?" என்று அவளிடம் கேட்பார்கள். என்னிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோ."

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஏழரை மணி. சிரியஸ் நட்சத்திரத்துக்குத் தெற்கே வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சிரியஸைப் பிடித்து மணி வளையத்தைச் சரிசெய்துவிட்டு, ஆட்களைக் கூப்பிடக் கீழே போனாள். நான் விலக்க வளையத்தின் திருகைத் தளர்த்தி, குழாயை அசைக்காமல் வளையத்தை மட்டும் ஆறு பாகை நகர்த்தி, மறுபடி இறுக்கினேன்.

வந்ததும், வளையம் அந்தக் கூட்டத்தின் விலக்கமான தெற்கு இருபத்தொன்றைக் காட்டும்வரை குழாயைத் திருப்பிவிட்டுக் கண்ணைப் பதித்தாள். வெறும் இருட்டு.

"இன்னாக்கா, ஒண்ணியும் காணோம்?" என்றாள் கீழ்வீட்டுப் பெண். யாரோ சிரித்தார்கள். எனக்கு உள்ளே இனித்தது.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்றேன்.

அவள் தள்ளவில்லை. குழாயை மறுபடி சிரியஸுக்குத் திருப்பி, போன் வெளிச்சத்தில் வளையத்தைப் பார்த்தாள். சிரியஸின் விலக்கம் தெற்கு பதினேழு; வளையமோ பதினொன்று காட்டியது. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே, "பதினொண்ணுன்னா பதினொண்ணு. இங்கேர்ந்து தெக்க நாலு பாகை" என்று முணுமுணுத்தபடி திருப்பினாள். கிடைத்துவிட்டது.

"சக்கரைய கொட்டி வச்சா மாறி கீதுக்கா!" என்றாள் கீழ்வீட்டுப் பெண்.

எல்லோரும் இறங்கிய பின் கேட்டாள்: "வளையத்த நீதான திருப்புன?"

"ம்."

"இன்னாத்துக்கு?"

"அது என்னோடது."

"சரி, நீயே வச்சிக்கோ."

இரண்டு வாரம் அவள் மாடிக்கு வரவில்லை. நான் தனியாக முயன்று, வந்தவர்களுக்கு நிலாவைக் காட்டினேன். "அக்காவுக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மூன்றாவது சனிக்கிழமை சமையலறை வாசலில் போய் நின்றேன். "நான் பண்ணது தப்பு. உன்ன பாத்து வயிறு எரிஞ்சிச்சு" என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் மேலே வந்தாள். நகப்பூச்சால் வளையத்திலும் குழாயிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டாள். "இனிமே நவுந்தா தெரிஞ்சிடும்" என்றாள். சிரிக்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். இப்போது புத்தகத்தை நானும் படிக்கிறேன். அவள் எண்ணைச் சொல்வதற்குள் முந்திக்கொண்டு சொல்லிவிடப் பார்க்கிறேன். பெரும்பாலும் தப்பாகவே சொல்கிறேன்.