தீர்மானத்தில் இல்லாத நிறம்

எங்கள் அடுக்ககத்தின் கதவுகளுக்கு வண்ணம் தேர்ந்த கூட்டத்தைப் பற்றி இப்போது மூன்று கதைகள் உலவுகின்றன. மூன்றிலும் நாங்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆகவே நான் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், சங்கச் செயலாளன் என்ற முறையில் தீர்மானப் புத்தகத்தில் என் கையால் எழுதியதையும் அன்றி வேறொன்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருவொற்றியூரில், கடலுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே பன்னிரண்டு வீடுகள். உப்புக்காற்று கதவுகளின் வண்ணத்தை உரிக்கும். எஞ்சியதன்மேல் கன்டெய்னர் லாரிகளின் புழுதி படியும். இம்முறை எல்லா வாசற்கதவுகளும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும் என்றார் தலைவர். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே நிறத்தை ஒழுக்கத்தின் உட்பிரிவாகக் கருதுபவர்.

ஞாயிறு காலை, கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூடினோம். வண்ண அட்டை கைமாறியது. ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையின் வேடங்கள்: பாதாம், தந்தம், முத்து, பாலாடை. நிறத்தை நிறம் என்று சொல்ல வெட்கப்பட்டு விற்பனையாளர்கள் பலகாரக் கடைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் பிழையோடு ஒரு முறை அச்சிட்டு, அதை மொழிபெயர்ப்பு என்றும் நம்புகிறார்கள்.

முதல் தளத்து அம்மையார் எழுந்தார். வியாசர்பாடி வாரிய வீட்டிலிருந்து வந்து இங்கே சொந்த வீடு வாங்கியவர், ரயில்வேயில் வேலை, பௌத்தக் குடும்பம். குடிவந்த வாரமே தம் கதவுக்கு நீலம் அடித்தவர்.

"எல்லாருக்கும் இன்னா கலர் வேணா அடிச்சிக்கங்க சார். எங்க வூட்டு கதவு நீலமா கீது. அத நீலமாவே வுட்டுடுங்க."

"அது டார்க்கா இருக்கும்மா" என்றார் தலைவர்.

"வெயில இழுக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்த மாதிரி கலர் நம்ம பில்டிங்குக்கு செட் ஆகாது. சாந்தமா ஒண்ணு பாப்போம்" என்றார் தலைவர் மறுபடி.

நீலம் தலித் மக்களின் கொடி நிறம் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாததன்று. நிறம்தான் கண்ணை உறுத்தியது என்று நம்ப எனக்கும் ஆசை. ஆனால் தலைவர் வீட்டுக் குளியலறையில் தரை முதல் கூரை வரை நீல ஓடுகள். குழாய்க் கசிவைப் பார்க்கப் போனபோது கண்டிருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் இரண்டாம் தளத்து பாய்தான் சிரித்தார். "இன்னா தலைவரே, கலருக்கு பேரே இல்லியா? அந்த கலரு, அந்த மாதிரி கலருன்னு சொல்லிகினு கீறீங்க. என் கடையில வந்து இப்டி கேட்டா எந்த பண்டல பிரிக்கிறது?"

"விட்டா நாளைக்கு நீங்க பச்ச கேப்பீங்க, பாய்."

"நான் ஏன் கேக்கறேன்? எனக்கு எதுக்கு அந்த பேஜாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், நீங்க தமிழ் படிச்சவரு. நீங்க சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பழந்தமிழில் நீலம் குவளைக்கும் உரியது, கூந்தலுக்கும் உரியது என்றேன். தெலுங்கின் 'பச்ச' மஞ்சளையும் தழுவும் என்றேன். இந்துஸ்தானியில் வானமாகிய ஆஸ்மானே நிறமாகி ஆஸ்மானி ஆயிற்று என்றேன். ஒவ்வொன்றும் அகராதியில் சரிபார்த்த உண்மை. எதுவும் கதவைத் தொடவில்லை.

தலைவர் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களாம்மா? சாரே சொல்லிட்டாரு, பேரெல்லாம் ஊருக்கு ஊரு மாறும். ஐவரியே வெச்சிடலாம்."

கைகள் உயர்ந்தன. பாயின் கையும் என் கையும் அவற்றுள் அடக்கம். நான் எழுதிய தீர்மானம் வருமாறு: "பொது அழகைக் கருதி அடர்நிறங்கள் தவிர்க்கப்படும், கதவுகள் யாவும் தந்த நிறம் பெறும்." பிழையற்ற வாக்கியம். எழுதி முடித்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சுவைத்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் மாலை அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தார்.

"நான் நீலம் கேட்டேன். நீங்க முடியாதுன்னீங்க. அதான சார் நடந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப அத எழுதுங்க. கதவ எப்டி வேணா அடிச்சிட்டு போங்க. கேட்டேன்னு இருக்கணும்."

"தீர்மானத்துல அப்படித் தனித்தனியா எழுதற வழக்கமில்லம்மா."

"நேத்து அவ்ளோ நேரம் நீலத்த பத்தி பேசினீங்க. அத்தினி பாஷையில. எழுதறப்ப மட்டும் வரலியா?"

புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் எழுதவில்லை. பக்கத்தின் அமைப்பு கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்ணம் பூச வந்தவர் பீகார்க்காரர். அம்மையாரின் கதவின் முன் நின்று, "ஆஸ்மானி நல்லாதானே கீது மேடம்?" என்றார். படிக்கட்டில் நின்றிருந்த என் காதில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் அந்நிறத்தைத் தயங்காமல் பெயர் சொல்லி அழைத்த இரண்டாமவர் அவரே. "நீ அடிப்பா" என்றார் அம்மையார்.

ஒரு மழைக்காலம் போவதற்குள் லாரிப் புழுதியில் எங்கள் தந்தம் வேறு நிறமாயிற்று. அதற்கு அட்டையில் பெயரில்லை. அந்நிறத்தில் பலகாரம் எதுவும் இல்லாததால் இருக்கலாம்.

இன்று காலை அத்தீர்மானத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினேன்: "முதல் தளத்தார் தம் கதவு நீலமாகவே இருக்கவேண்டும் என்று கேட்டார். மறுத்தோம்." புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மையாரின் கதவைத் தட்டினேன். பாதி திறந்த கதவில் நின்று படித்தார்.

"இது இப்ப எழுதினதுதான சார்? அப்ப இன்னிக்கு தேதிய போடுங்க. அன்னிக்கே எழுதினா மாரி இருக்கக்கூடாது."

வாசலிலேயே போட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதும் என் கவனம் முழுவதையும் அவர் ஒரு வாக்கியத்தில் திருத்திவிட்டார்.

இனித் தெரியாதவை. கை உயர்த்தியவர்களுள் நிறத்தை மறுத்தவர் எத்தனை பேர், அம்மையாரை மறுத்தவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் எவரையும் கேட்கவில்லை. தலைவர் அந்த இரண்டு வரிகளின் கீழ் கையெழுத்திடுவாரா என்பது தெரியாது. அந்தக் கதவின் உட்புறம் இப்போது என்ன நிறம் என்பதும் தெரியாது.