எட்டு நாள் வாரமும் மிளகு விலையும்

ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, நிலாவின் பிறைக் கணக்கில் வாராவாரம் வரும் போயா நாளில் லீவு விட்ட அந்தச் சில வருடங்களில், மாத்தளை டவுனில் மிளகு வாங்கும் ஒரு கடையில் தராசடியில் வேலை பார்த்தேன். நிறுத்து மூட்டை கட்டுகிறவன் அதிகம் பேசவேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் மிளகு விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் தோட்டத்து மிளகு மூன்று மூட்டை வீட்டில் கிடந்தது. அதை நல்ல விலைக்கு விற்றால் வீட்டுக்குச் சிமெந்துத் தரை போடலாம். சாணி மெழுகி மெழுகி மனைவிக்கு முழங்கால் ஓய்ந்திருந்தது. தப்பான நாளில் விற்றால் தரை இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

எல்கடுவ ஏற்றத்தில் போகும் பஸ் நிற்பதற்கு முன்னால் முதலில் வேகம் குறையும். அப்போதும் அது மேலேதான் போய்க்கொண்டிருக்கும். விலையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் விலையை விட, அது ஏறும் வேகத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு போயாவுக்கும் முந்தின நாள், இறாத்தலுக்கு அந்த வாரம் எத்தனை சதம் கூடியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுவேன். ஒரு வாரம் பதினெட்டு. அடுத்த வாரம் பன்னிரண்டு. வேகம் குறைகிறது, விற்றுவிடலாம் என்று நினைத்தபோது அடுத்த வாரம் பதின்மூன்று வந்தது. வேகம் மறுபடி கூடிவிட்டதே!

அன்று சாயந்திரம் மனைவியிடம் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் வச்சிருப்போம். மறுபடி வேகம் புடிச்சிருச்சு."

அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க இது? இந்த வாரம் உங்களுக்கு ஏழு தடவ சோறு கட்டிக் குடுத்தேன். போன வாரம் ஆறு தடவதான்."

"அதுக்கென்ன?"

"போயா ஒரு நாள் பிந்தி வந்துச்சுங்க. ஒரு நாள் கூடுதலா யாவாரம் நடந்தா ஒரு சதமாச்சும் கூடாதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பன்னிரண்டை ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு இரண்டு சதம். பதின்மூன்றை ஏழுக்குப் பிரித்தால் இரண்டுகூட வரவில்லை. வேகம் கூடவேயில்லை, குறைந்துதான் இருந்தது.

போயா கழிந்த மறுநாள், கொழும்புக்குப் போகும் கடை லொறியில் என் மூட்டைகளையும் ஏற்றக் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"ஏறுற வெலைய எவனாச்சும் விடுவானாப்பா? பயந்தாங்கொள்ளி!"

"நம்ம கடைல தேக்கி வச்சிருக்கிற மிளகையும் அனுப்பிட்டா நல்லதுங்க, முதலாளி" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் கையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

நான் விற்ற பிறகும் விலை நாலைந்து சதம் ஏறியது. அந்த வாரம் முழுக்கக் கடையில் என்னைக் கேலி செய்தார்கள். பிறகு விலை நின்றது, பிறகு இறங்கியது. முதலாளிக்குப் பெரிய நட்டமில்லை, ஆனால் அவர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஒருநாள் தராசடிக்கு வந்து நின்றார்.

"ஒனக்கு எப்படிப்பா தெரிஞ்சிச்சு?"

காகிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து விளக்க வாய் வரவில்லை.

"சும்மா மனசுல பட்டுச்சுங்க."

இதை வீட்டில் சொன்னபோது, மனைவி ஈரம் காயாத சிமெந்துத் தரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி முறைத்தாள்.

"மனசுல பட்டுச்சா? சோத்துப் பார்சல எண்ணுனது யாரு?"