செபமாலை முடியும்வரை ஓடிய மெஷின்

எங்கள் அன்பு அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அவர் செய்த கேக்கை ஒரு தடவையாவது சாப்பிட்டவர்கள். ஆகவே அவரைப் பற்றிக் கூட்டிச் சொல்லி உங்களை நம்பவைக்கும் தேவை எனக்கில்லை. கூட்டிச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. "அளவாப் பேசுடி" என்று என்னை எத்தனையோ தடவை அடக்கியவர் அவர்.

அக்கா ஹந்தானைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வீட்டில் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்தெடுத்தார். மூத்தவர் அக்கா, கடைசி நான். இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அம்மா மலைக்குப் போனபின் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைசீவி, இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் அக்காதான். அவர் வகுப்பில் நான் தூங்கி விழுந்ததாகச் சொல்வார்கள். எனக்கு ஞாபகமில்லை.

படிப்பு முடிந்ததும் கண்டி டவுனில் கன்னியாஸ்திரிகளிடம் தையலும் கேக் வேலையும் பழகினார். மழையோ வெயிலோ, மலையிறங்கி நடந்துதான் போவார். பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்த அத்தானைக் கைப்பிடித்தார். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் என்னையும் கூடவே அழைத்துக்கொண்டார். சீதனமாகத் தங்கச்சியைக் கொண்டுவந்த பெண் கண்டியிலேயே இவர் ஒருவர்தான் என்று அத்தான் கடைசிவரை கேலி செய்தார். அந்தக் கேலியில் ஒரு நாளும் குத்தல் இருந்ததில்லை. என்னைப் படிக்கவைத்து, ஆசிரியையாக்கி, அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி அக்கா அழுது நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்தால் கேக் வேலை இருந்தது. பிறந்தநாள், முதல் நன்மை, கல்யாணம் என்று ஊர் முழுக்க அவரைத் தேடி வந்தது. கை சுத்தம், சொல் சுத்தம். கோபமும் அப்படித்தான், கலப்படமில்லாதது. பட்டருக்குப் பதில் மாஜரீன் போட்டுக் கேக் செய்து தரச்சொல்லிக் கேட்டவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். யாராவது கேக்கைப் புகழ்ந்தால், அடிப்பக்கம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது என்று தானே குறை சொல்லி அவர்கள் வாயை அடைப்பார்.

அத்தான் தவறிப்போனதும் எல்லாம் நின்றது. அவர் வாங்கிக்கொடுத்த கேக் அடிக்கும் மெஷினை அக்கா ஒரு பழைய போர்வையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஓடர் கேட்டு வந்தவர்களிடம் உடம்புக்கு முடியவில்லை என்றார். சாப்பாடு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "எனக்கு இனி இங்க என்ன வேலை? அவரு கூப்பிட்டா போயிருவேன்" என்று வானிலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்வார். அக்காவும் சீக்கிரமே போய்விடுவார் என்று பயந்தேன். அதைவிட, இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து போய்விடுவாரே என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் என் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. மகள் போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, என் கேக்க நீங்கதான் செய்யணும். வேற ஆளு செஞ்சா நான் வெட்டமாட்டேன்."

"கடையில பட்டரே இல்லயே புள்ள. பட்டர் இல்லாம நான் எப்படிச் செய்றது?"

பட்டர் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அது அக்காவுக்கு நல்ல சாக்காகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மடுல்கெல்லயில் மாடு வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா மகனுக்கு உடனே போன் எடுத்தேன். தம்பி தங்கமான பிள்ளை. பாலில் படியும் ஆடையை எடுத்துச் சேர்த்து, குளிரவைத்து, ஒரு வாளியில் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். "மெஷின்ல போட்டு அடிங்க அக்கா. தண்ணி தனியாப் பிரியற வரைக்கும் நிப்பாட்டாதீங்க, பட்டர் தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா வேண்டாவெறுப்பாகத்தான் அலுமாரியைத் திறந்தார். அவர் போர்வையை ஒவ்வொரு மடிப்பாக அவிழ்க்கத் தொடங்கியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டர் வரவில்லை. காரணம் அக்காவின் கைதான். எத்தனையோ ஆண்டுகளாகக் கேக்குக்கு மேல் பூசுவதற்குக் கிறீம் அடித்துப் பழகிய கை அது. வெள்ளையாக, கெட்டியாக எழும்பி நின்றதும் அந்தக் கை தானாகவே போய் சுவிட்சை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஒரு சுற்று அடித்தாலும் திரைந்துபோகும், கேக்குக்காரிக்கு அதைவிட அவமானம் இல்லை.

"இன்னும் அடிக்கணுமாம் அக்கா. தம்பி சொன்னானே."

"மாடு வச்சிருக்கிறவனுக்கு மெஷினப் பத்தி என்னடி தெரியும்? இதுக்கு மேல அடிச்சா கெட்டுப்போயிரும். பார்த்துப் பார்த்து எப்படிக் கெடுக்கிறது?"

அந்தக் கிறீமை நாங்கள் வாழைப்பழத்தோடு தின்று தீர்த்தோம். மறுதரம் அடித்தபோதும் அதே இடத்தில் கை போய் நின்றது. "இது நம்மளுக்கு வராது, விடு. வேற எங்கயாவது சொல்லிச் செய்ங்க" என்று அக்கா கதிரைக்குத் திரும்பப் பார்த்தார். வாளியில் மிச்சம் இருந்தது ஒரு தடவைக்குத்தான். என் மகள் கெஞ்சிக் கூத்தாடி அதையும் போடவைத்தாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை, வீடெல்லாம் குளிர்ந்து கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அந்த மாதங்களில் கரண்ட் போனால் அக்கா வீட்டில் செபமாலை. மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு எல்லோரும் முன்னறைக்கு வந்து முழங்காலிட்டோம். அத்தான் இருந்தபோதே அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. செபமாலை தொடங்கினால் கூரை விழுந்தாலும் முடியும்வரை யாரும் எழும்பக் கூடாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்த நாளிலும் அந்தச் சட்டம் தளர்ந்ததில்லை.

பாதிச் செபமாலையில் கரண்ட் வந்தது. சுவிட்சை யாரும் நிறுத்தவில்லை. குசினியில் மெஷின் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

என் மகள் எழும்பப் பார்த்தாள். அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைத்தார், அவள் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். அவசரத்துக்கு, கடைசியில் மாதாவின் பெயர்களை அடுக்கும் மன்றாட்டு மாலையை விட்டுவிடலாமே என்று நான் கண்ணால் கேட்டேன். அக்கா விடவில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டினார். அவர் ஒரு பெயரைச் சொல்லி நாங்கள் பதில் சொல்வதற்குள் அடுத்த பெயர் வந்தது. உள்ளே மெஷினின் சத்தம் மாறிவிட்டது. இரைச்சல் போய், சளக் சளக் என்று சேற்றில் நடக்கும் சத்தம். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் செபத்தின் நடுவிலேயே சிரிப்பு முட்டியது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கடைசிச் சிலுவையைப் போட்ட கையோடு அக்கா எழுந்து ஓடினார். முழங்கால் வலி என்று படியிறங்க மறுத்தவர் அப்படி ஓடி நான் பார்த்து வெகுகாலம். சுவரிலும் கலண்டரிலும் கவிழ்த்துவைத்த கோப்பைகளிலும் வெள்ளைத் துளிகள். "போச்சு! எல்லாம் போச்சு!" என்று குனிந்தவர் மெஷினை நிறுத்த மறந்துவிட்டார். முகம் முழுக்க மோர் அடித்தது. நான்தான் சுவிட்சைத் தட்டினேன்.

கம்பியைச் சுற்றி மஞ்சளாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அடியில் தண்ணீராக மோர். அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அடியே, இது பட்டர்டி!"

பிறகு சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, மூக்கு நுனியில் மோர் சொட்டச் சொட்டச் சிரித்தார். "கெட்டுப்போயிருமோன்னு நான்தான்டி பயந்து பயந்து நிப்பாட்டியிருக்கேன்" என்றார். என் மகளும் சிரித்தாள். நான் அழுதேன். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அன்று இறங்கியது.

கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மோர் முழுக்கப் போகும்வரை பிசைந்து கழுவினார். கழுவும்போதே, "தம்பிக்குப் போன் போடு, இன்னும் கிறீம் வேணும். கேக்குக்கு இது எந்த மூலைக்கு?" என்று அதட்டினார். பழைய அதட்டல். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இந்தத் தட்டுப்பாட்டில் பட்டர் எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, "மாதா தந்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கடைகளில் பட்டர் திரும்பி வந்த பிறகும் அக்கா கடைப் பட்டர் வாங்கவில்லை. ஓடர்கள் வந்தன, கோபங்களும் வந்தன. அலுமாரியில் மெஷின் இருந்த இடத்தில் சேலைகளை அடுக்கிவிட்டார். முன்னறைக் கதிரையில் உட்கார அவருக்கு நேரமில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில் நெஞ்சு வலிப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சில நாட்கள்தான் இருந்தார். குருவானவரிடம் நோயில் பூசுதல் பெற்றார், தெளிவாகப் பேசினார், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மாவுக்கு ஃபுரூட் கேக் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். நான் தலைசீவிக்கொண்டிருக்கும்போது, வலியில்லாமல், அமைதியாக உயிர் பிரிந்தது. அந்த ஆறுதலுக்கு இறைவனுக்கு நன்றி.

இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத் தந்தைக்கும், செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிய பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரிக்கும், கதிரையும் கூடாரமும் கொண்டுவந்து போட்ட எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மடுல்கெல்லத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வாசலில் ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துக்கத்துக்குக் கட்டியிருந்த வெள்ளைக்கொடியைப் பார்த்துத் திரும்பிப் போகப் பார்த்தவரை நான் நிறுத்திக் கேட்டேன். "மகளுக்கு இன்னைக்குப் பொறந்தநாள். கேக் சொல்லியிருந்தேன். பரவால்லங்க, மன்னிச்சிருங்க" என்றார். நான் குசினிக்குப் போய் ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அக்கா கேக்கைச் செய்து, பட்டர் ஐசிங் பூசி, ஓரத்தில் பூக்களும் வைத்திருந்தார். பெயர் மட்டும் எழுதவில்லை. முன்னறையில் ஒப்பாரி நடந்துகொண்டிருக்க, நான் பிள்ளையின் பெயரைக் கேட்டு, கோணல்மாணலாக எழுதி, பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் வந்திராவிட்டால் அந்தக் கேக்கை நான் அன்று பார்த்திருக்கவே மாட்டேன். அத்தான் கூப்பிட்டபோது அக்கா காத்துக்கொண்டு இருக்கவில்லை, கைவேலையாக இருந்தார்.